தன்போக்குச் சங்கம்

நீதித்துறை அலுவலகத்தின் மூன்றாவது ஜன்னலில் இருந்த பெண், விண்ணப்பத்தை நான்காம் முறை திருப்பிக் கொடுத்தபோது சிரித்துவிட்டாள். அதற்கு முன் மூன்று முறையும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் கொடுத்தாள். முதல் தடவை, விதிமுறைகளின் ரஷ்யப் பிரதியில் ஒரு காற்புள்ளி கூடுதலாம். கசாக் பிரதியில் அது இல்லையாம். இரண்டாம் தடவை, சங்கத்தின் முகவரி ஆட்கள் குடியிருக்கிற வீடாம். மூன்றாம் தடவை, 'காரணம் பின்னர் தெரிவிக்கப்படும்' என்று ஒரு முத்திரை மட்டும். பின்னர் என்றால் எந்தப் பின்னர் என்று கேட்க அந்த ஜன்னலில் வழியில்லை.

"தங்கச்சி, உங்க சங்கத்துக்குப் பேரு என்ன?" என்றாள் அவள்.

அக்மரால் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அதுலயே இருக்கே."

"விதிமுறையில 'எர்கின் தொழிற்சங்கம்'னு அச்சடிச்சிருக்கு. நீங்க கையால எழுதின கூட்டக் குறிப்புல 'தன்போக்குத் தொழிற்சங்கம்'னு இருக்கு. தன்போக்கா மேயுறதுக்கு நீங்க என்ன ஒட்டகமா? அது போகட்டும். கூட்டத்துக்குத் தலைமை 'நெட்டை அகா'ன்னு போட்டிருக்கீங்களே, யாரு இவரு?"

அந்தப் பெண் மறுப்புக் கடிதத்தை எடுத்துச் சத்தமாகவே வாசித்தாள்: "'நெட்டை அகா என்ற பெயரில் குடிமகன் எவரும் நாட்டின் பதிவேட்டில் இல்லை.' முத்திரை, கையெழுத்து எல்லாம் ஆயிருச்சு. கொண்டு போங்க."

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அக்மராலுக்குக் காது மடல்வரை சூடேறியது. ஆனால் அந்த வரிசையில் நின்ற எந்த வீட்டு மருமகளைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள், அந்தத் தப்பு ஏன் நடந்தது என்று.

எர்கின், அக்மராலுடைய கணவனின் அண்ணன். வாழ வந்த பெண் மாமனார் பேரையோ மூத்தார் பேரையோ வாயால் சொல்லக்கூடாது. தானாக ஒரு பேர் வைத்துக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். அவர் நிலைப்படியில் குனியாமல் நுழைய முடியாத உயரம் என்பதால், வந்த முதல் வாரமே அக்மரால் 'நெட்டை அகா', அதாவது நெட்டை அண்ணன், என்று வைத்தாள். அது பிடித்துப்போய் அவர்கள் வேலை செய்கிற எண்ணெய் வயல் முழுக்கப் பரவிவிட்டது. பேரோடு போனால் பரவாயில்லை. எர்கின் என்றால் சுதந்திரம், கட்டற்றது என்று அர்த்தம். அந்தச் சொல்லையும் அவள் பதினாறு வருஷமாக நாக்கில் வைத்ததில்லை. மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும்போது 'பறவை சுதந்திரமாகப் பறக்கிறது' என்ற இடத்தில் 'பறவை தன்போக்கில் பறக்கிறது' என்று சொல்லிக்கொடுத்து, பிள்ளை பள்ளியில் சிவப்பு மையில் திட்டு வாங்கியது. மாமியார் குல்யாஷ் மட்டும் லேசுப்பட்டவளா? அவளுடைய மாமனார் பேர் தெமிர், அதாவது இரும்பு. அதனால் அந்த வீட்டில் இன்றைக்கும் இரும்புச் சட்டிக்குக் 'கெட்டிச் சட்டி' என்றுதான் பேர்.

இப்படிப்பட்டவளைப் பிடித்து, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினால் என்ன ஆகும்? சங்கத்துக்கு எர்கின் என்று பேர் வைத்தவர்கள் ஓட்டுநர்கள். ஆம்பிளைகளுக்கு இதெல்லாம் எங்கே தோன்றும்!

வீடு வந்து, தலையைக் குனிந்துகொண்டே கடிதத்தை நீட்டினாள். எர்கின் அதை வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தண்ணீர் லாரி ஓட்டி ஓட்டி அவருக்கு இடது காது மந்தம். அதனால் பேச்சும் சிரிப்பும் எப்போதும் ஒரு பங்கு கூடுதல் சத்தம்தான்.

"விடும்மா. காற்புள்ளிக்குத் திருப்பினவங்க, நீ சரியா எழுதியிருந்தா முற்றுப்புள்ளிக்குத் திருப்பியிருப்பாங்க."

"எல்லாம் என்னாலதான் அகா."

"உன்னாலயா? எட்டு மாசமா நாலு தடவை. மூணு தடவைக்கு யாரு காரணம்? நீ டீயை ஊத்து."

குல்யாஷ் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "என் மருமக சரியாத்தான் எழுதியிருக்கா. அந்த ஜன்னல்காரி எந்த வீட்டுல வளந்தாளோ!"

சங்கம் வேண்டும் என்று அவர்கள் ஆசைக்குக் கேட்கவில்லை. எண்ணெய் வயலில் சமைக்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஒப்பந்தக் கம்பெனியின் ஆட்கள். முகாமிலிருந்து வயலுக்கு ஏற்றிப்போகிற பஸ்ஸில் ஹீட்டர் வேலை செய்து மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. வெளியே மைனஸ் முப்பது, உள்ளே அதைவிட இரண்டு டிகிரி தேவலை. போன ஜனவரியில் பாத்திரம் கழுவும் ரபிகாவுக்கு இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. தனியாகப் போய்க் கேட்டால், "கேக்க நீ யாரு?" என்றது கம்பெனி. சேர்ந்து போய்க் கேட்டால், "பதிவான சங்கமா?" என்றது.

அக்மரால் கூட்டக் குறிப்பை ரபிகாவை விட்டுப் புதிதாக எழுத வைத்தாள். ரபிகாவின் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், ஆனால் அவளுக்கு எர்கின் மூத்தார் முறை இல்லையே. பதினோரு நாள் கழித்து மறுபடியும் மூன்றாவது ஜன்னலுக்குப் போனார்கள்.

"இந்தப் பேர்ல சங்கம் ஏற்கெனவே இருக்கே. போன செவ்வாய்க்கிழமை பதிவாயிருச்சு" என்றாள் அந்தப் பெண். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. கணினித் திரையைப் பார்த்தே பேசினாள்.

"எங்களுக்கு எட்டு மாசமா இழுத்தடிக்கிறீங்க. அவங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு?"

"ஒரு நாள்."

"ஒரே நாள்லயா?"

"அவங்க தாள்ல தப்பே இல்லையே, தங்கச்சி."

புதிய எர்கின் சங்கத்தின் தலைவர் கைரோல்லா, அதுவரை நகர நிர்வாகத்தில் பெரிய மேசை ஒன்றின் பின்னால் உட்கார்ந்திருந்தவர். அடுத்த வாரமே அக்மரால் சமைக்கிற கேண்டீனுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவர் கையையும் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பிள்ளைகளுக்குப் புத்தாண்டு மிட்டாய்ப் பெட்டி, எல்லோருக்கும் 'எர்கின்' என்று நீலத்தில் பொறித்த, சட்டையில் குத்திக்கொள்கிற வில்லை, வசந்தத்தில் கைப்பந்துப் போட்டி. வேலைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுகிற தாளில் கீழே புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: 'கையொப்பமிட்டவர் எர்கின் தொழிற்சங்கத்தின் உறுப்பினர்.' போட்டால் உறுப்பினர். போடாவிட்டால் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

"பஸ் ஹீட்டர் என்னாச்சுங்க?" என்று கேட்டாள் அக்மரால், கையில் சூப் கரண்டியோடு.

"அது நிர்வாகத்தோட விஷயம், தங்கச்சி. அதுல நாம தலையிடக்கூடாது. நம்ம சங்கம் பண்பாடு, விளையாட்டு." கைரோல்லா குரலைத் தாழ்த்தினார். "உங்க கையெழுத்து ரொம்ப அழகாமே. எனக்கும் ஒரு செயலாளர் வேணும். அலுவலகம் சூடா இருக்கும். யோசிச்சுப் பாருங்க."

"உங்க சங்கத்துப் பேரை என்னால வாயால சொல்ல முடியாதுங்க" என்றாள் அக்மரால். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, தலையாட்டிக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ஜனவரியில் ஒருநாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து இருபத்து மூன்று பேர் கேண்டீனிலேயே உட்கார்ந்தார்கள். எர்கின் ரொட்டிப் பெட்டி மேல் ஏறி நின்று பேசினார். அவர் உயரத்துக்குப் பெட்டி எதற்கு என்று ரபிகா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஹீட்டர் வரும்வரை பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவாயிற்று. அக்மரால் வழக்கம்போல நோட்டில் குறித்துக்கொண்டாள். தலைமை: நெட்டை அகா. அறிவுள்ளவள்தான், ஆனால் பதினாறு வருஷப் பழக்கத்தில் கை தானாகவே அப்படி எழுதிவிடுகிறதே, அவள் என்ன செய்வாள்?

மூன்று நாள் காலையில் பஸ் பக்கத்தில் ஏறாமல் நின்றார்கள். நான்காம் நாள் போலீஸ் வந்து எர்கினைக் கொண்டுபோனது. மாவுத் தொட்டிக்கு அடியில் இருந்த நோட்டையும் எடுத்துக்கொண்டார்கள். பதிவு மறுக்கப்பட்ட சங்கத்துக்குத் தலைமை தாங்கியது, பதிவான சங்கத்தின் பேரைத் திருடியது என்று வழக்கு. கேட்டீர்களா அநியாயத்தை, பேரைத் திருடியது எர்கினாம்! பிப்ரவரியில் பஸ்ஸுக்குப் புது ஹீட்டர் வந்தது. கைரோல்லா அதற்கு நாடா கட்டி, வெட்டி, புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

விசாரணை அதிகாரி மற்ற எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டுப் பார்த்தார். "கூட்டத்தை நடத்தினது யாரு?" என்றால், "தெரியலைங்க, நான் சூப் குடிச்சிட்டிருந்தேன்" என்றார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் தலை நிமிராமல் சூப் குடித்திருந்தார்கள். மிஞ்சியது அக்மரால்தான். நோட்டு அவள் கையெழுத்து. இல்லை என்று சொல்ல முடியாது.

எர்கினுக்காக வந்த வக்கீல் தூக்கம் கெட்ட கண்களோடு அவளிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னார். "விண்ணப்பத்துல அவர் பேரு இருக்கிறது குத்தமில்லை, மறுத்த பிறகு கூட்டம் நடத்தினதுதான் குத்தம். ஆனா அந்த நோட்டுல அவர் பேரு ஒரு இடத்துலகூட இல்லை. நெட்டை அகா யாருன்னு கோர்ட்டுல நீங்க சொன்னா, அவருக்கு ரெண்டு வருஷம். சொல்லலைன்னா அவங்க கையில ஒண்ணுமில்லை. ஆனா சாட்சி சொல்ல மறுத்தா உங்களை உள்ள வைப்பாங்க. உங்களுக்குப் பொண்ணு இருக்கு. நான் இதைச் செய், அதைச் செய்னு சொல்ல மாட்டேன்."

கணவன் தவ்லெத் வேறொரு வயலில் இருபத்தெட்டு நாள் வேலையில் இருந்தான். போனில், "உனக்குத் தோணுறதைச் செய்" என்றான். வேறு என்ன சொல்வான் பாவம்? ஒரு பக்கம் அண்ணன், இன்னொரு பக்கம் பெண்டாட்டி. அக்மராலுக்குப் பயமாக இருந்தது. கோர்ட்டுக்குப் போகிற அன்று காலையில் மகளுக்குப் போட்ட பின்னல் கோணிப்போய், மூன்று தடவை அவிழ்த்துப் போட்டாள்.

கோர்ட்டில் எர்கினைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்திருந்தார்கள். உட்கார்ந்தும் தலை கூரையைத் தொடுவதுபோல இருந்தது. முன்வரிசையில் குல்யாஷ், வெள்ளைத் தலைத்துணி கட்டி, நல்ல வெல்வெட் அங்கி போட்டு, கல்யாணத்துக்கு வந்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நீதிபதி ஐம்பது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர். அரசு வக்கீல் தலைநகரிலிருந்து வந்த இளைஞன். வழக்குகள் தெரிந்தவன், வழக்கம்தான் தெரியாது.

"இந்த நோட்டு நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"தலைமை 'நெட்டை அகா'ன்னு எழுதியிருக்கீங்க. அவர் யாரு?"

"எங்க மூத்தார் ஒருத்தரு."

"பேரு?"

"அதைச் சொல்ல முடியாதுங்க. நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தவ."

பின்வரிசையில் யாரோ செருமினார்கள். இளைஞன் நீதிபதியைப் பார்த்தான். நீதிபதி எதிரே இருந்த தாளைப் பார்த்தார். அவர் வீட்டிலும் மருமகள் இருந்தாள்.

"சரி, சொல்ல வேண்டாம். கையை நீட்டிக் காட்டுங்க" என்றான் அரசு வக்கீல்.

குல்யாஷ் பொறுக்க மாட்டாமல் எழுந்துவிட்டாள். "மூத்தாரைக் கைநீட்டிக் காட்டுறதா? ஏண்டா தம்பி, உங்க வீட்டுப் பொம்பளைங்க அப்படித்தான் காட்டுவாங்களா? உன்னைப் பெத்தவளைக் கூட்டிட்டு வா, நான் கேக்கிறேன்."

"அம்மா, உக்காருங்க" என்றார் நீதிபதி.

"அப்போ எழுதிக் காட்டுங்க!" என்றான் இளைஞன். அவன் கழுத்து சிவந்துவிட்டது.

"எழுதறதும் சொல்றதும் ஒண்ணுதாங்க" என்றாள் அக்மரால். "எழுத வரலைன்னுதானே எங்க விண்ணப்பமே திரும்பி வந்துச்சு."

அப்போதுதான் எர்கினின் வக்கீல் அந்த நான்காவது மறுப்புக் கடிதத்தை எடுத்து நீதிபதியிடம் நீட்டினார். "ஐயா, அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த தாள். நெட்டை அகான்னு நாட்டுல யாரும் கிடையாதாம். இல்லாத ஆளுக்கு எப்படிங்க தண்டனை கொடுக்கிறது?"

கோர்ட் கொல்லென்று சிரித்தது. வாசலில் நின்ற போலீஸ்காரன்கூடத் தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான். அந்தச் சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அக்மராலுக்கு நம்பிக்கை இருந்தது. தன்னுடைய தப்பே கடைசியில் அவரைக் காப்பாற்றிவிடும் என்றுகூட நினைத்தாள்.

நீதிபதி சிரிக்கவில்லை. உள்ளே போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். யாரோடு போனில் பேசினார் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

"சாட்சிக்குக் கடைசி வாய்ப்பு" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். "வழக்கம் வீட்டோட. இது கோர்ட். சொல்ல மறுத்தா இப்பவே காவல்ல எடுக்க உத்தரவு போடுவேன். நெட்டை அகா யாரு?"

அக்மரால் மகளை நினைத்தாள். பள்ளி விட்டு வந்து பூட்டின கதவைத் தட்டும். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று சொன்னோமா இல்லையா என்று ஞாபகமே வரவில்லை.

"தெரியாதுன்னு சொல்லலைங்க. என்னால சொல்ல முடியாது" என்றாள்.

பெண் போலீஸ் ஒருத்தி வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். குல்யாஷ் "ஐயோ" என்றாள். கண்ணாடிக் கூண்டுக்குள் நாற்காலி உருளும் சத்தம் கேட்டது.

எர்கின் எழுந்து நின்றிருந்தார்.

"என்ன நடக்குது? அந்தப் பிள்ளையை எங்க கூட்டிட்டுப் போறீங்க?" காது மந்தம் என்பதால் அவருக்குப் பாதிதான் கேட்டிருந்தது, பிடித்த கை மட்டும் கண்ணில் பட்டது. "விடுங்க அவளை! நெட்டை நான்தான். இந்த ரூம்ல என்னைவிட நெட்டையா வேற யாராவது இருக்காங்களா? பாத்துக்கிடுங்க. நான்தான் ரொட்டிப் பெட்டி மேல ஏறிப் பேசினேன். எழுதிக்கிடுங்க."

"அகா, சும்மா இருங்க!" என்று கத்தினாள் அக்மரால்.

"நீ சும்மா இரு. உன் பொண்ணுக்குப் பள்ளி விடுற நேரம் ஆச்சு."

எர்கினின் வக்கீல் கையிலிருந்த தாளை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார். பெண் போலீஸ் முழங்கையை விட்டாள். அவள் பிடித்த இடம் வலித்தது.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. மொத்தமே ஏழு நிமிஷம். இரண்டு வருஷம் சிறை. வெளியே வந்தபின் ஐந்து வருஷத்துக்கு எந்தச் சங்கத்திலும் எந்தப் பொறுப்பும் கூடாது. 'எர்கின் என்ற பெயரை இனிப் பயன்படுத்தக் கூடாது' என்று சங்கத்துக்கும் சேர்த்துத் தடை போட்டார்கள். அதை வாசித்த நீதிபதிக்கே நாக்கு ஒரு கணம் தடுக்கியது. ஒரு மனிதனை அவன் பேரைவிட்டே விலக்கி வைத்தாயிற்றே!

அக்மரால் அழுதாள். ஆத்திரமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. இத்தனை நாள் மென்று விழுங்கிக் காப்பாற்றிய பேரை அவரே ஒரு நொடியில் கொட்டிவிட்டார். இனி எதை மறைத்து யாரைக் காப்பாற்ற?

கூண்டைத் திறந்து, கைகளைப் பின்னால் பூட்டி, பக்கவாட்டுக் கதவு வழியாக அவரைக் கூட்டிப்போனார்கள். அவர் கூட்டத்தைத் தேடித் திரும்பப் பார்த்தார். போலீஸ்காரன் தோளைப் பிடித்து அழுத்திவிட்டான். கதவு நெருங்கியது. நிலைப்படிக்காக அவர் தலையைக் குனிந்தார்.

"எர்கின்" என்றாள் அக்மரால்.

சொல் பாதிதான் வெளியே வந்தது. சொன்ன வாயைக் கை தானாகவே பொத்திக்கொண்டது. மாமியார் பக்கத்தில் நிற்கிறாள். பதினாறு வருஷத்தில் வாங்காத திட்டெல்லாம் இப்போது சேர்ந்து வரப்போகிறது என்று நினைத்தாள்.

குல்யாஷ் அவள் கையைப் பிடித்து வாயிலிருந்து எடுத்துவிட்டாள்.

"சத்தமாக் கூப்பிடு புள்ளே. அவனுக்கு இடது காது கேக்காது."

"எர்கின்!" என்று கூப்பிட்டாள் அக்மரால். "எர்கின் அகா! எர்கின்!" பின்னாலிருந்து ரபிகா கூப்பிட்டாள். ஓட்டுநர்கள் கூப்பிட்டார்கள். சூப் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கூப்பிட்டார்கள்.

"ஏய்! ஏய்! கோர்ட்டுக்குள்ள கோஷம் போடக்கூடாது!" என்று வாசலில் நின்ற போலீஸ்காரன் ஓடி வந்தான்.

"கோஷமா?" என்றாள் குல்யாஷ். "எம் பிள்ளை பேருடா அது."

அவர் திரும்பிப் பார்த்துவிட்டார்.